ஆடு மாடு ஏற்ற எந்த வண்டி வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணைக்கு லோடு வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ், அடுத்தது விலை. ஆடு எங்கே நிற்கும், மாடு எப்படி ஏறும் என்ற யோசனை பெரும்பாலும் வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் தவணை ஆரம்பித்துவிடும். கரூர், திண்டுக்கல் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களும் பால் மாடு வளர்ப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். சட்டம், வண்டிப் பெயர் எல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன்.

பத்து ஆடு, ரெண்டு மாடு வச்சிருக்கேன். எனக்கு சொந்த வண்டி தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. ஆட்டை விற்க வருஷத்துக்கு நாலைந்து முறை சந்தைக்குப் போகிறீர்கள் என்றால் வாடகை வண்டியே லாபம். வண்டி ஓடினாலும் நின்றாலும் இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), வரி, டயர், பேட்டரி என்று செலவு வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு நோட்டில் மூன்று மாதத்துக்கு எழுதிப் பாருங்கள்: தீவனம் எடுக்கப் போனது, பால் கொண்டுபோனது, எரு அடித்தது, ஆடு மாடு ஏற்றியது, ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வாடகை. அந்தத் தொகை மாதத் தவணையில் பாதியைத் தொட்டால் யோசிக்கலாம். எந்த வண்டி என்பதற்கும் அந்த நோட்டே பாதி பதில் சொல்லிவிடும். எதை அதிகம் ஏற்றினீர்கள் என்பது அதில் இருக்குமே.

குட்டியானை, தோஸ்த், பொலிரோ, இன்ட்ரான்னு ஆளுக்கொரு பேரு சொல்றாங்க. எது எந்த அளவு?

மூன்று அளவாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. முதல் அளவு முக்கால் டன் பக்கம். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டியானை, மாருதி சூப்பர் கேரி, மஹிந்திரா ஜீத்தோ எல்லாம் இதில் வரும். சிறிய சக்கரம், தாழ்ந்த தரை, குறுகிய சந்திலும் திரும்பும்.

இரண்டாவது, ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வி30, வி50, மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 1.3 டன் வகை இதில் சேரும். மூன்றாவது, அதற்கு மேல் இரண்டு டன் வரை. பொலிரோ பிக்கப்பின் பெரிய வகைகளும் டாடா யோதாவும் இந்த அளவு. ஒரே பெயரில் மூன்று நான்கு வகை இருப்பதால், 'பொலிரோ வாங்கினேன்' என்று ஒருவர் சொன்னால் எந்த டன், எத்தனை அடி பாடி (பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டி) என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷோரூம்ல ஒரு எடை சொல்றாங்க, ஆர்சி-ல வேற இருக்கு. எதை நம்புறது?

ஆர்சியைத்தான், அதாவது வண்டியின் பதிவுச் சான்றை. அதில் காலி வண்டி எடையும், லோடோடு சேர்த்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆனால் அது முழுவதும் சரக்குக்குக் கிடைக்காது. டிரைவரும் கூட வருபவரும் சேர்ந்தால் 130, 140 கிலோ. ஆட்டுக்காகக் கம்பிக் கூண்டு அடித்தால் அது ஒரு 100 கிலோ, தரைக்குப் பலகையும் ரப்பர் விரிப்பும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம்.

750 கிலோ வண்டி என்று நினைத்து வாங்கியது, பண்ணை வேலைக்குத் தயாராகும்போது 500 கிலோ சொச்சத்துக்கு வந்து நிற்கும். இந்தக் கழித்தலை வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

குட்டியானையில எத்தனை ஆடு ஏத்தலாம் அண்ணா?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ என்று ஒரு விதி இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அது, கால்நடை ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் வேண்டும் என்கிறது. ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், பசு, எருமைக்கு 2 சதுர மீட்டர், பன்றிக்கு 0.6 சதுர மீட்டர் குறையாமல் இடம் தர வேண்டும் என்றும் அளவு சொல்கிறது. ஆட்டுக்கு என்றால் சுமார் மூன்றே கால் சதுர அடி.

குட்டியானையின் பாடி ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். பெருக்கினால் 3.3 சதுர மீட்டர். 0.3-ஆல் வகுத்தால் பதினொன்று, தடுப்பு பிடிக்கும் இடத்தைக் கழித்தால் பத்து. பத்து ஆடும் ஆளுக்கு 30 கிலோ என்று வைத்தாலும் எடை 300 கிலோதான். எடையில் பாக்கி இருக்கும், தரை தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு மனதில் நிற்கட்டும், பின்னால் திரும்ப வருகிறது.

ஆனா சந்தையில பார்த்தா எல்லாரும் இருபத்தஞ்சு முப்பது ஏத்திட்டுதானே வர்றாங்க?

ஏற்றுகிறார்கள். இறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் விழுந்த ஆடு எழுந்திருக்க இடமில்லாமல் மற்றவற்றின் காலடியில் கிடந்து வந்திருக்கும். சிலது மூச்சு முட்டிச் செத்தே வரும். பிழைத்து வந்ததும் எடை குறைந்து, வாயில் நுரை தள்ளி நிற்கும். அய்யலூர், எட்டயபுரம் மாதிரி ஆட்டுச் சந்தைகளில் வியாபாரி முதுகைத் தடவிப் பார்த்து விலை சொல்கிறார். வாடி நிற்கிற ஆட்டுக்கு அவர் குறைத்துத்தான் கேட்பார்.

வளர்ப்பு ஆடாக வாங்கி வருவதென்றால் இன்னும் மோசம். நெருக்கடியில் வந்த ஆட்டுக்கு முதல் வாரத்திலேயே சளி, கழிச்சல் வருவது சகஜம். வாடகையில் மிச்சம் பிடித்தது மருந்துக்குப் போய்விடும். அதெல்லாம் பணக் கணக்கு. பணம் ஒருபுறம் இருக்கட்டும், நம்மை நம்பி ஏறி நிற்கிற வாயில்லா ஜீவனை அப்படிக் கொண்டுவரக் கூடாது.

மாட்டுக்கு எந்த வண்டி? குட்டியானையில ரெண்டு மாடு நிக்குமே?

நிற்கும், ஆனால் நிறுத்தக் கூடாது. மேலே சொன்ன 2 சதுர மீட்டர் கணக்குப்படி அந்தப் பாடியில் ஒரு மாடுதான். கலப்பின ஜெர்சி 350, 400 கிலோ வரும். ஹெச்எஃப் கலப்பினம் அதற்கும் மேலே போகும். இரண்டை நிறுத்தினால் கூண்டோடு சேர்த்து எடையும் மீறிவிடும்.

எடையை விட எனக்குப் பயம் உயரம். மூட்டை படுத்துக் கிடக்கும், மாடு நிற்கும். அதன் கனம் எல்லாம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. வளைவில் அது ஒரு பக்கம் சாய்ந்தால் குறுகிய, சின்னச் சக்கர வண்டியும் கூடவே சாயும். அதனால் மாடு அடிக்கடி ஏற்றுவதென்றால் இரண்டாவது அளவிலிருந்துதான் பார்க்க வேண்டும். அகலம் அதிகமான வண்டியாக, சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமான வண்டியாகப் பாருங்கள். 10 அடிப் பாடி உள்ள பிக்கப்பில் இரண்டு மாடு, இன்ஜினைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில். அவ்வளவுதான்.

டன் அதிகமான வண்டியா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகிடும்தானே?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். கால்நடைக்குத் தீர்வது தரை. தீவனத்துக்குத் தீர்வது எடை. 10 அடி வண்டியில் சட்டப்படி 17 ஆடு நின்றால் 500 கிலோ, இரண்டு மாடு நின்றால் 800 கிலோ. இரண்டு டன் வண்டி அங்கே பாதி கூட வேலை செய்யவில்லை. அதே வண்டியில் 50 கிலோ தீவன மூட்டை ஏற்றினால் முப்பது மூட்டையிலேயே ஒன்றரை டன், பாடியில் இடம் இன்னும் இருக்கும். 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதுவும் அரைத் தொட்டியாக இருந்தால் அலை அடித்து வண்டியை ஆட்டும். வைக்கோல் கட்டு இதற்கு நேர் எதிர். எடை இருக்காது, இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே முதல் கேள்வியில் சொன்ன நோட்டைத் திறந்து பாருங்கள். கால்நடை அதிகம் என்றால் டன்னைக் குறைத்து, நீள அகலம் அதிகமான பாடியைத் தேர்ந்தெடுங்கள். புண்ணாக்கு, தவிடு, தண்ணீர், எரு அதிகம் என்றால் டன்னைப் பாருங்கள், பாடி நீளம் இரண்டாம் பட்சம். ஷோரூமுக்குப் போகும்போது டேப் கொண்டுபோய், இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து அளந்து பாருங்கள். பாடி உள்ளளவு நிறுவனத்துக்கு நிறுவனம், வகைக்கு வகை மாறுகிறது. பொலிரோ பிக்கப்பிலேயே 8 அடிச் சொச்சத்திலிருந்து 10 அடி வரை இருக்கிறது.

பட்டறையில பாடி, கூண்டு எப்படி அடிக்கச் சொல்லணும்?

ஆட்டுக்கு: பக்கவாட்டில் கீழே இரண்டடி வரை தகடு அல்லது பலகையால் மூடிவிடுங்கள். கம்பி இடைவெளியில் குட்டியின் கால் போனால் முறியாமல் வராது. அதற்கு மேலே கம்பி, மொத்த உயரம் ஐந்தடிக்குக் குறைய வேண்டாம். கொடி ஆடு மாதிரி கால் நீண்ட இனம் நாலடியைச் சாதாரணமாகத் தாண்டும். மேலே வலை அல்லது தார்ப்பாய் கட்ட வளையம் வையுங்கள், ஆனால் பக்கவாட்டைத் தார்ப்பாயால் மூடாதீர்கள். காற்றோட்டம் நின்றால் கூண்டுக்குள் சிறுநீர் நெடியே ஆட்டை மயக்கிவிடும்.

மாட்டுக்கு: மாட்டின் முதுகு உயரத்துக்கு மேல் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் தாண்டப் பார்க்கும். மாட்டின் உடம்பு உரசுகிற உயரத்தில் வெல்டிங் பிசிறு, போல்ட் நுனி எதுவும் இருக்கக் கூடாது. கையை வைத்து முழுக்கத் தடவிப் பாருங்கள். பழைய டயரை வெட்டிப் பக்கவாட்டில் அடித்தால் நல்ல மெத்தை. கயிறு கட்டும் வளையத்தைத் தாழ்வாக வைக்காதீர்கள், கழுத்துக்குக் கீழே இழுபட்டால் மாடு முழங்காலில் விழும். பின்கதவு கீழ்நோக்கித் திறந்து சாய்வுப் பலகையாகவே ஆகிற மாதிரி செய்தால் ரொம்ப நல்லது. குறுக்குக் கட்டை அடித்து வையுங்கள், குளம்பு வழுக்காது.

ஆட்டுக்கு இரண்டு தட்டுக் கூண்டு கேட்பவர்களுக்கு என் பதில், சின்ன வண்டியில் வேண்டவே வேண்டாம். மேல்தட்டு ஆடு வண்டியின் தலையைக் கனமாக்கும், கீழ்த்தட்டு ஆடு மேலே இருந்து வருவதில் நனைந்துகொண்டே வரும். எதைச் செய்வதானாலும், கம்பெனி கொடுத்த பாடியை மாற்றினால் ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். கேபினும் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) மட்டும் வாங்கிப் பாடி கட்டினால், கட்டி முடித்த பிறகுதான் பதிவு. வெல்டிங் ஆரம்பிக்கும் முன் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

தரைக்கு வைக்கோல் போட்டா போதுமா?

வெறும் தகட்டின் மேல் வைக்கோல் மட்டும் போட்டால் முதல் சிறுநீரிலேயே சறுக்கும். அடியில் பிடிமானம் வேண்டும். கொட்டகைக்குப் போடுகிற வரிப்போட்ட ரப்பர் விரிப்பு, தென்னை நார்ப் பாய், குறுக்குக் கட்டை அடித்த பலகை, இதில் எதுவும் சரி. 1978-ன் விலங்குகள் போக்குவரத்து விதிகளும் மாடு ஏற்றும் சாதாரண வண்டிக்கு நார்ப் பாயோ மரப்பலகையோ போட்டு வழுக்காமல் செய்யச் சொல்கிறது. அதற்கு மேல் வைக்கோல் அல்லது தென்னை நார்க் கழிவு இரண்டு மூன்று அங்குலம். விரிப்பைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி போடுங்கள், ஒட்டிவிடாதீர்கள். அடியில் தேங்கும் மூத்திரம் தகட்டை மட்டுமல்ல, சேசிஸையும் தின்றுவிடும்.

மாடு ஏறவே மாட்டேங்குதுங்க. தாழ்வான வண்டியா வாங்கணுமா?

உயரம் ஒரு காரணம்தான். குட்டியானையின் தரை தாழ்வு, பிக்கப்பின் தரை உயரம், உண்மை. ஆனால் பொள்ளாச்சிச் சந்தையிலும் ஈரோடு கருங்கல்பாளையத்திலும் உயரமான லாரியிலேயே மாடு ஏறுகிறது. அங்கே மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். நீங்களும் தொழுவத்துக்குப் பக்கத்தில் வண்டித் தரை உயரத்துக்கு மண்மேடு ஒன்று போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நீளமாகச் சரித்துவிட்டால் போதும். வண்டியைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினால் மாடு சமதரையில் நடப்பது போல உள்ளே போகும். வெளியூரில் என்றால் சாலையோரச் சரிவில் பின்சக்கரத்தை இறக்கி நிறுத்தினாலே பாதி உயரம் குறையும்.

மாடு பயப்படுவது இருட்டைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும்தான். உள்ளே வெளிச்சம் இருக்கட்டும், இன்ஜினை அணைத்துவிடுங்கள். பழகிய மாட்டை முதலில் ஏற்றினால் மற்றது பின்னால் வரும். வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய் தேய்ப்பது எல்லாம் கொடுமை. அப்படி ஏற்றிய மாடு அடுத்த முறை வண்டியைப் பார்த்தாலே மிரளும்.

டீசலா, பெட்ரோலா, கேஸா? எலக்ட்ரிக் வந்துடுச்சுன்னும் சொல்றாங்களே?

லோடோடு தினமும் நீண்ட தூரம், மேடு பள்ளம் என்றால் டீசல். குறைந்த வேகத்தில் இழுக்கும் பலம் அதில்தான். ஆனால் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு அளவுக்கு வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகையை வடிகட்டும் அமைப்பு இருக்கிறது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் சூடாகாமல் அது அடைத்துக்கொள்ளும். பால் சொசைட்டிக்கும் தோட்டத்துக்கும் மட்டும் என்றால் பெட்ரோல் வண்டி தொந்தரவில்லாதது.

கேஸ் வண்டிக்கு, நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எலக்ட்ரிக்கில் டாடா ஏஸ் 2022-லேயே வந்துவிட்டது. தினமும் ஒரே பாதையில் பால் கேன் எடுப்பவருக்கு அது பொருந்தும். சந்தைக்கு நடுராத்திரி கிளம்பி வேறு மாவட்டம் போகிறவருக்கு இன்னும் பொருந்தாது.

எங்க ஊரு கரிசக்காடு. மழை பேஞ்சா டிராக்டரே சிக்கும். ஃபோர் வீல் டிரைவ் வேணுமா?

கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் மழைக்கு மறுநாள் ஃபோர் வீல் டிரைவும் சிக்கும். டயர் வரிகளில் மண் அப்பி வழவழப்பாகிவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் சாலையிலிருந்து தொழுவம் வரை சரளை அடித்துவிடலாம். அது எல்லா வண்டிக்கும் உதவும், மருத்துவர் வண்டிக்கும் சேர்த்து.

காலி பிக்கப் சேற்றில் சீக்கிரம் வழுக்கும், பின்சக்கரத்தின் மேல் பாரம் இல்லாததால். நாலு மூட்டை மண்ணை அச்சுக்கு நேர் மேலே போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தாளவாடி, கொல்லிமலை மாதிரி மலைச்சரிவில் ஈரத்தில் தினமும் ஏறி இறங்குபவர் மட்டும் ஃபோர் வீல் டிரைவை யோசிக்கலாம்.

டபுள் கேபின் வாங்கினா குடும்பத்துக்கும் ஆகும், ஆட்டுக்கும் ஆகும்ல?

இரண்டு வரிசை சீட் போகப் பின்னால் மிஞ்சுவது நாலைந்து அடி. ஐந்தாறு ஆடு, இரண்டு கன்று, கொஞ்சம் தீவனம். மாடு நிற்காது. பண்ணை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வருவதுதான் முக்கிய வேலை என்றால் வாங்குங்கள். கால்நடைக்காக என்றால் வேண்டாம்.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ஒரே பிக்கப்ல இருபது மாடு இழுத்துட்டுப் போறாங்களே. நாம ஏன் செய்யக் கூடாது?

கவனித்துப் பாருங்கள், அந்த வண்டியின் மேல் மாடு இல்லை, பின்னால் உள்ள டிரெய்லரில் இருக்கிறது. டெக்சாஸ், மொன்டானா பக்கத்துப் பண்ணைகளில் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 மாதிரி வண்டிகளை வாங்குவது இழுப்பதற்காகத்தான். பாடியின் நடுவில், பின்அச்சுக்கு மேலே ஒரு உருண்டைக் கொக்கி இருக்கும். டிரெய்லரின் கழுத்து வளைந்து வந்து அதில் உட்காரும். பாரம் அச்சின் மேலேயே விழுவதால் பெரிய டிரெய்லரும் வாலாட்டாமல் வரும். டிரெய்லருக்குத் தனிச் சக்கரம், தனி பிரேக், தரையை ஒட்டிய தாழ்ந்த தளம். மாட்டுக்கு அது சொகுசான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை.

அந்த வண்டிகள் இங்கே விற்பனையில் இல்லை, நம் கிராமத்துச் சாலையில் அந்த நீளத்தைத் திருப்பவும் முடியாது. நம் வண்டி முதுகில் சுமக்கிற வண்டி. அதனால் அவர்கள் பேசுகிற இழுவைத் திறன், குதிரைத்திறன் கணக்கை வைத்து இங்கே வண்டி தேடாதீர்கள். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தளம் தாழ்வாக, மாடு நடந்தே ஏறுகிற மாதிரி இருப்பது. அதைத்தான் மண்மேடு பற்றிய பதிலில் சொன்னேன்.

ரெண்டு கமான் பட்டை கூடுதலா போட்டா இன்னும் அரை டன் ஏத்தலாம்னு மெக்கானிக் சொல்றாரு.

அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் அந்த வில்பட்டை தாங்கும். பிரேக், அச்சு, டயர் எதுவும் மாறவில்லையே. ஆர்சியில் எடையும் மாறாது. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. தவிர, கூடுதல் பட்டை போட்ட வண்டி பாரம் குறைவாக இருக்கும்போது தூக்கித் தூக்கிப் போடும். கால்நடை ஏற்றும்போது பாரம் எப்போதும் குறைவுதான் என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்தோம். அந்தக் குலுக்கலை நின்றுகொண்டே தாங்குவது உங்கள் மாடு.

பழைய வண்டி வாங்கலாமா? எதைப் பார்க்கணும்?

வாங்கலாம். ஆடு மாடு ஏற்றிய வண்டியானால் இன்ஜினை விட அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாடித் தரைக்கும் சேசிஸுக்கும் நடுவே, குறுக்குச் சட்டங்கள் சேருமிடத்தில், ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்து உள்ளே போனால் விட்டுவிடுங்கள், புதுப் பெயின்ட் அடித்த அடிப்பக்கம் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். பட்டையில் விரிசல், ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது, பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது எல்லாம் அதிக பாரம் ஏற்றிய வண்டிக்கு அடையாளம்.

காகிதத்தில் எஃப்சி தேதி முக்கியம். புது வண்டிக்கு இரண்டு வருஷம், பிறகு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, எட்டைத் தாண்டினால் வருஷா வருஷம். எட்டு வயதுக்கு மேலான வண்டியை விலை குறைவு என்று எடுத்தால் ஒவ்வொரு வருஷமும் எஃப்சிக்குத் தயார் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

சொந்தப் பண்ணைக்குத்தானே, வெள்ளை போர்டு போதாதா? லைசென்ஸ் வேற மாத்தணுமா?

குட்டியானையோ பிக்கப்போ, சரக்கு வண்டியாகப் பதிவாவதால் உங்கள் சொந்தச் சரக்குக்கும் மஞ்சள் போர்டுதான். பெர்மிட் விஷயத்தில் ஒரு சலுகை உண்டு: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ம் பிரிவில் விலக்கு இருக்கிறது. இரண்டு வகைக்கு நடுவே தயங்கி நிற்கிறவர்கள் இந்த எல்லையையும் பாருங்கள்.

லைசென்ஸ் மாற்ற வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. நாம் பேசுகிற எல்லா வண்டியும் அதற்குள் அடங்கும்.

வழியில போலீஸ் நிறுத்தினா என்னென்ன காட்டணும்?

ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்று, லைசென்ஸ். கால்நடைக்கு: பயணம் செய்யத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று, சந்தையில் வாங்கியதற்கான ரசீது. மாட்டுக்கு மருத்துவர் சான்று கட்டாயம். செம்மறி, வெள்ளாட்டுக்கு விதிகள் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தைப் பேசுகின்றன. ஆனாலும் அருகில் போவதற்கும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காதில் 12 இலக்க எண் போட்ட அடையாளத் தோடு இருந்தால் சான்றில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். மாடு ஏற்றிய வண்டியில் வேறு சரக்கு இருக்கக் கூடாது, கவனித்துக்கொள்ள ஒருவர் கூட வர வேண்டும் என்பதும் 1978 விதிகளிலேயே இருக்கிறது.

கூட வர்ற ஆள் பின்னாடி மாட்டோட நின்னுட்டு வரலாமா? ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் வருமா?

கேபினில் உட்கார வையுங்கள். சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ வண்டியில் வந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டில் இடம் உண்டு. ஆனால் பின்னால் பாடியில் வருகிறவருக்கு இழப்பீடு கேட்டால் கம்பெனி மறுக்கும், வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். மாடு மிரண்டு நெருக்கினால் கம்பியோடு வைத்து நசுக்கிவிடும் என்பது அதை விடப் பெரிய விஷயம். வண்டி இன்சூரன்ஸ் மாட்டுக்குச் சேராது. மாட்டுக்குத் தனிக் காப்பீடு இருந்தால், பயணத்தில் இறந்தாலும் பொருந்துமா என்று பாலிசியில் பாருங்கள்.

ஒரே வண்டியில தீவனமும் எடுத்து, ஆடும் ஏத்தி, மிச்ச நாள் வாடகைக்கும் விடலாம்னு பாக்குறேன். சரியா?

இதுதான் எல்லாரும் விரும்புவது, இதுதான் சட்டத்தில் இடிப்பதும். மேலே சொன்ன 125இ விதிப்படி நிரந்தரத் தடுப்பு வைத்த கால்நடை வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. அதற்கு ஆர்டிஓ தனி உரிமமும் தர வேண்டும். தடுப்பு இல்லாத வண்டியில் கால்நடை ஏற்றினால் விதிமீறல். சிறு பண்ணைக்காரருக்கு இரண்டு வண்டி வாங்க வழி இல்லை என்பது விதியை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

என் யோசனை இது. ஆடு மாடு வியாபாரமே தொழிலாக, வாரம் தவறாமல் சந்தை என்றால் முறைப்படி கால்நடை வண்டியாகவே கட்டி, பக்கத்துப் பண்ணைகளின் ஆடு மாட்டையும் வாடகைக்கு ஏற்றுங்கள். சரியான கூண்டும் சரியான காகிதமும் உள்ள வண்டிக்கு எல்லா ஊரிலும் தட்டுப்பாடு இருக்கிறது. பால் பண்ணையோ சிறிய ஆட்டுப் பண்ணையோ என்றால், தீவனத்துக்கும் பாலுக்கும் எருவுக்கும் ஏற்ற சாதாரண வண்டியை வாங்கி, கால்நடை ஏற்றும் அந்தச் சில நாளுக்கு அப்படிப்பட்ட வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானதால் புது வண்டி விலை இறங்கியிருக்கிறது. அந்த மிச்சத்தைப் பெரிய வகைக்கு ஏறுவதற்குச் செலவழிக்காதீர்கள், மண்மேட்டுக்கும் சரளைக்கும் போடுங்கள்.

வண்டி வாங்கியாச்சு. முதல் தடவை சந்தையிலிருந்து மாடு கொண்டு வரப் போறேன். கவனிக்க வேண்டியது என்ன?

வெயில் ஏறும் முன் வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள். வயிறு முட்டத் தீனி போட்டு ஏற்றாதீர்கள், தண்ணீர் மட்டும் காட்டுங்கள். நிறைசினை மாட்டை ஏற்ற வேண்டாம். கிளம்பிய சில கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி, கயிறு இறுகியிருக்கிறதா, மாடு சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை அழுத்துவதை விட முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் புது மாட்டை நேராகக் கொட்டகைக்குள் விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். வண்டியை அன்றைக்கே கழுவ வேண்டும், சாணம் காய்ந்துவிட்டால் கிருமி அதற்குள் பத்திரமாக இருக்கும். முதலில் சாணத்தைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் பீய்ச்சி, பிறகு பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவை சோடா கரைத்துத் தரை, கூண்டு, பின்கதவு, டயர் எல்லாவற்றிலும் ஊற்றுங்கள். கோமாரி வைரஸுக்கு அது போதும். பத்து நிமிஷம் ஊறவிட்டு நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் பின்கதவைத் திறந்து நிறுத்துங்கள். அப்புறம் உங்கள் செருப்பையும் அதே தண்ணீரில் கழுவிவிட்டுக் கொட்டகைக்குப் போங்கள்.